தமிழுக்கு இடம் காணாது

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். ஐ.டி. ஆள். மூன்று நாள் கம்பனி வேலை, நாலாவது நாள் ஊர் பார்க்க என் தலையில் கட்டிவிட்டார்கள். கொழும்புக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய் ஒரு இறால் வடையைக் கையில் கொடுத்து, கடல் பாருங்கள் என்று சொன்னால், மனிதர் கடலைப் பார்க்கவில்லை. வலது பக்கம் கடலை மூடிச் சீனக் கம்பனி கட்டுகிற போர்ட் சிட்டி கிடக்கிறதே, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார்: "என்னங்க, இதெல்லாம் சீனாக்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களாமே?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று கணக்கில்லை. கனடாவிலிருந்து வரும் மச்சான் கேட்பான். இங்கே ஓட்டோ ஓட்டுகிற அண்ணை கேட்க மாட்டார், அவரே சொல்லுவார், "எல்லாம் வித்துப்போட்டான்கள் தம்பி" என்று. யார் விற்றது, யார் வாங்கினது, எவ்வளவுக்கு என்று திருப்பிக் கேட்டால் அவரவர் கட்சிக்குத் தக்கபடி ஒரு பதில் வரும்.

எனக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லத் தெரியாது. அதனால் வடையை முடித்துக்கொண்டு ஓட்டோ பிடித்து அவரை நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு கல் இருக்கிறது. சீனாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் அந்தக் கல்லுக்குமுன் கொண்டுபோய் நிறுத்திவிடுகிற வழக்கம். கொஞ்சம் கிறுக்குத்தான், ஆனால் நான் செய்யும் தொழில் அப்படி.

தொழில் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ப்பலகை, பேனர், ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை. என்னுடையது இல்லை, நான் அங்கே கம்பியூட்டரில் வடிவமைக்கிற ஆள். கடையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நானும் இன்னொரு பெடியனும்தான். ஆகவே தமிழ் எழுத்து உள்ள எல்லாப் பலகையும் என் மேசைக்கு வரும். வர வேண்டும். வராமல் போகும் கதையைத்தான் பிறகு சொல்லப்போகிறேன்.

சரி, கல்.

ஒரு பத்து வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும். மேலே வளைவாக, இரண்டு டிராகன்கள் எதிரெதிரே பார்த்தபடி. வலது பக்கம் சீனம், இடது பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். எழுத்துகள் தேய்ந்து போயிருக்கின்றன, சாய்ந்து நின்று வெளிச்சம் பிடித்தால்தான் தமிழ் எழுத்தின் வளைவுகள் தெரியும். 1409 என்று தேதி போட்டது. மிங் வம்சத்துச் சக்கரவர்த்தி யொங்லேயின் கப்பற்படைத் தளபதி ஷெங் ஹே, இதைச் சீனாவிலேயே வெட்டுவித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து காலி நகரில் நாட்டினார். சீனத்தில் எழுதியது புத்தருக்குக் காணிக்கை. தமிழில் எழுதியது தெனவரை நாயனாருக்கு, அதாவது இன்றைக்குத் தெவிநுவர என்று சொல்கிற தேவேந்திரமுனையில் இருந்த விஷ்ணு கோவில் தெய்வத்துக்கு. பாரசீகத்தில் எழுதியது அல்லாஹ்வின் பெயரால். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, வாசனை எண்ணெய், இப்படியே போகும். ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று இல்லை.

நண்பர் போனை எடுத்துப் படம் பிடித்தார். "சீனாக்காரன் தமிழ்ல எழுதினானா?" என்று இரண்டு தடவை கேட்டார். முகத்தில் ஒரு பெருமை ஏறியது. எல்லாத் தமிழருக்கும் இந்த இடத்தில் அது ஏறும், எனக்கும் முதல் தடவை ஏறியது. ஆனால் அதோடு வெளியே வந்துவிடக் கூடாது. கல்லில் தேதி போட்டு இரண்டு வருடம் போலத்தான் இருக்கும், 1411 இல் இதே ஷெங் ஹேயின் படை கோட்டே பக்கம் ஆண்டுகொண்டிருந்த அழகேஸ்வரனையும் அவன் குடும்பத்தையும் பிடித்துச் சீனாவுக்கே கொண்டுபோய்விட்டது. பிறகு சக்கரவர்த்தி மன்னித்து விட்டுவிட்டார் என்கிறார்கள். கோவிலுக்குப் பொன், பள்ளிக்குப் பொன், விகாரைக்குப் பொன், ராஜாவுக்கு விலங்கு. எல்லாம் ஒரே கப்பல்களில் வந்தவை.

சீனா மாறிவிட்டது, பெரிய ஆளாக எழும்பிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். எழும்பினது இரண்டாம் தடவை.

நம் வீட்டில் சீனா என்றால் முதலில் ஞாபகம் வருவது அரிசி. அம்மம்மா கொட்டாஞ்சேனையில் கூப்பன் கடை வரிசையில் நின்ற கதையை இருபது தடவையாவது கேட்டிருப்பேன். அந்த அரிசியில் நல்லதையும் சொல்லுவா, கெட்டதையும் சொல்லுவா, கல் பொறுக்கியே கண் போச்சு என்பா. அந்த அரிசி எப்படி வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

1952. கொரிய யுத்தம் நடக்கிறது. இலங்கைக்கு இறப்பர் விற்க ஆள் இல்லை, விலை விழுந்துவிட்டது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போகிறது, டொலர் கையில் இல்லை. செஞ்சீனாவுக்கு இறப்பர் விற்கக் கூடாது என்று அமெரிக்கா நிற்கிறது. ஐ.நா.வும் தடை போட்டிருந்தது, ஆனால் இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை, 1955 டிசம்பரில்தான் உள்ளே எடுத்தார்கள். இந்த ஓட்டைக்குள்ளால் புகுந்து வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங் போய் ஒப்பந்தம் பேசி முடித்தார். ஐந்து வருடத்துக்கு, வருடம் 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, 270,000 தொன் அரிசி எடுப்பது. இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேலே, அரிசிக்குச் சந்தை விலைக்குக் கீழே. இதைச் செய்தது ஏதோ இடதுசாரி அரசு என்று நினைத்துவிடாதீர்கள். டட்லி சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு, கம்யூனிஸ்ட் என்றால் முகத்தைச் சுளிக்கிற கட்சி. அமெரிக்கா உதவியை நிறுத்தியது, இவர்கள் அசையவில்லை. அப்போது இரு நாட்டுக்கும் முறையான தூதரக உறவுகூட இல்லை. அது 1957 பெப்ரவரியில்தான் வந்தது. முதலில் மூட்டை, பிறகு தூதர். அந்த ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பித்து முப்பது வருடம் ஓடியது.

சின்ன நாடு பெரிய நாட்டோடு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன், கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த 50,000 தொன் இறப்பர் பாலை வெட்டியது யார்? களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் விடிய முன்னமே கத்தியும் சிரட்டையுமாகப் போனவர்களில் பலர் மலையகத் தமிழர்கள். 1948 இல் குடியுரிமையைப் பறிகொடுத்தவர்கள். எந்த நாட்டின் பேரில் அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டதோ அந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று சட்டம் சொன்ன மனிதர்கள். வரலாற்றுப் பக்கங்களில் இறப்பர் தானாகவே கப்பல் ஏறிப் போகிறது. அதோடு, அரிசி வந்த அடுத்த வருடமே பங்கீட்டு அரிசி விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள், 1953 ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது, டட்லி பதவியை விட்டுப் போனார். சீனாவோடு நல்லாகப் பேசிவிட்டால் போதாது, சொந்தச் சனத்தோடும் பேச வேண்டும்.

பிறகு சீனா கொழும்பில் கட்டிடமாக வரத் தொடங்கியது. பௌத்தாலோக மாவத்தையில் எட்டுக் கோணமாக நிற்கிற பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம் 1973 இல் திறந்தது, சீனாவின் அன்பளிப்பு. 1976 இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அங்கேதான். பிரதமர் சிறிமாவோ 1962 இல் இந்தியாவும் சீனாவும் அடிபட்டபோது ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டி வைத்து சமாதானம் பேசியவர். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் இரண்டு யானைக்கு நடுவில் நின்று கையைக் காட்ட ஒரு துணிவு வேண்டும். இப்போது அந்த மண்டபத்தில் செப்டெம்பரில் புத்தகக் கண்காட்சி நடக்கும். தமிழ்க் கடைகள் எந்த மண்டபத்தில் எந்த மூலையில் என்று தேடியே கால் வலிக்கும், அது வேறு புலம்பல். புதுக்கடையில் உயர் நீதிமன்றக் கட்டிடம் சீன உதவி. தாமரைத் தடாகம் அரங்கு சீன உதவி. தாமரைக் கோபுரம் சீனக் கடன். முன்னது எல்லாம் உதவி, பின்னதுகள் கடன். அந்தச் சொல் மாறிய இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சொல் மாறியதற்கு நடுவில் ஒரு யுத்தம் இருக்கிறது. அதைப்பற்றி நான் அதிகம் எழுதமாட்டேன், எழுதினால் பதிவு வேறு எங்கேயோ போய்விடும். ஒன்று மட்டும். 2009 மே 27 இல் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையில் இலங்கையைப் பாராட்டுகிற மாதிரி ஒரு தீர்மானம் வந்தது. 29 நாடுகள் ஆதரவு. சீனா கை தூக்கியது. இந்தியாவும் கை தூக்கியது. இந்தியா வந்தால் காப்பாற்றும், சீனா வந்தால் கெடுக்கும் என்று தமிழில் ஒரு கதை ஓடுகிறது, அதைச் சொல்பவர்களிடம் நான் இந்தத் தேதியைச் சொல்வேன். 2012 இல் இந்தியா பக்கம் மாறியது, சீனா மாறவில்லை. அது அதற்கு அதன் அதன் காரணம்.

நண்பரும் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தார். நூதனசாலைப் புல்லில் உட்கார்ந்து நெக்டோ குடித்தோம். அப்புறம் அவர் விடாமல், "சரிங்க, அம்பாந்தோட்டை?" என்றார்.

அம்பாந்தோட்டைக்கு வருவோம். உலகம் முழுக்கச் சொல்கிற கதை: சீனா கடன் கொடுத்தது, இலங்கையால் கட்ட முடியவில்லை, சீனா துறைமுகத்தைப் பிடுங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது, அடகுக் கடைக் கதை மாதிரி. நடந்தது அதைவிடச் சிக்கல். அந்தத் துறைமுகம் வேண்டும் என்று ஆசைப்பட்டது நாங்கள், அதாவது எங்கள் ஆட்சியாளர்கள். ராஜபக்ஷவின் சொந்த மாவட்டம். முதல் கட்டத்துக்கு 307 மில்லியன் டொலர், 6.3 வீத வட்டி. 2010 இல் திறந்தார்கள், கப்பல் வரவில்லை. 2017 இல், ராஜபக்ஷ போய் மைத்திரி - ரணில் ஆட்சியில், 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 1.12 பில்லியன் டொலர் வாங்கினார்கள். அந்தக் காசு துறைமுகக் கடனுக்குப் போகவில்லை. நாட்டின் டொலர் கையிருப்புக்குப் போனது, வேறு கடன்களை, குறிப்பாக மேற்கத்தையச் சந்தையில் விற்ற பிணைமுறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, சமாளிக்க. துறைமுகக் கடன் அப்படியே அரசின் தலையில்தான் இருந்தது. அடகு வைத்த நகையை மூழ்கடித்த கதை இல்லை இது. ஒரு கடைக் கடனைக் கட்ட இன்னொரு சாமானை வாடகைக்கு விட்ட கதை.

2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். சீனாவின் பங்கு எவ்வளவு என்றால் எண்ணுகிற முறையைப் பொறுத்துப் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்று வரை வரும். மிச்சத்தில் பெரிய துண்டு பிணைமுறிகாரர்களுக்கு. ஆகவே சீனா மட்டும் கவிழ்த்தது என்பது பிழை. ஆனால் சீனா நல்ல பிள்ளையும் இல்லை. 2021 இல் 10 பில்லியன் யுவான், கிட்டத்தட்ட ஒன்றரை பில்லியன் டொலர், நாணயப் பரிமாற்ற வசதியாகக் கொடுத்தது, பேப்பரில் கையிருப்பு நிறைந்திருந்தது. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்று ஒரு நிபந்தனை. அந்தளவு கையிருப்பு இருந்தால் நாங்கள் ஏன் பெற்றோலுக்கு வரிசையில் நிற்கிறோம்? நீந்தத் தெரிந்தவனுக்கு மட்டும் என்று எழுதி வைத்த உயிர்காப்பு வளையம்.

வரிசை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஜூனில் என் பைக்குக்கு இரண்டு இரவு ஒரு பெற்றோல் செட் வாசலில் கிடந்தேன். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் பாய் கொண்டுவந்திருந்தார், எனக்குப் பாதி விரித்தார். இந்தியா அந்த வருடம் 4 பில்லியன் டொலர் அளவில் கைகொடுத்தது, அந்தப் பெற்றோலில் கொஞ்சம் என் பைக்குக்குள்ளும் போயிருக்கும், அதை மறுக்க மாட்டேன். சீனா பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் தரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் கடனை மறுசீரமைத்தார்கள், சீன எக்ஸிம் வங்கியோடு 4.2 பில்லியன் டொலருக்கு 2024 ஜூனில் கையெழுத்து. இப்போது எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் ஐ.ஓ.சி. செட் ஒன்று, கொஞ்சம் தள்ளி சினோபெக் செட் ஒன்று. இந்தியப் பெற்றோல், சீனப் பெற்றோல். இரண்டுக்கும் நடுவில் நான், எங்கே வரிசை குறைவோ அங்கே போவேன். இந்த நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையும் அநேகமாக இதுதான்.

கேலியாகச் சொன்னாலும் உண்மை. 2014 இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு தடவை கொழும்புக்கு வந்து போனது, டெல்லி கொதித்தது. 2015 இல் ஆட்சி மாறியதும், ஷி ஜின்பிங் நேரில் வந்து தொடக்கிவைத்த போர்ட் சிட்டியை நிறுத்தினார்கள், ஒரு வருடத்தில் காசு இல்லாமல் திரும்பத் தொடங்கினார்கள். நிறுத்தியதில் ஒரு நன்மை, முதலில் சீனக் கம்பனிக்கு 20 ஹெக்டேயர் சொந்தமாகவே எழுதிக் கொடுப்பதாக இருந்தது, அது குத்தகையாக மாறியது. பேரம் பேசினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்கிறது. 2022 இல் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வரலாம் என்றார்கள், பிறகு கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றார்கள், பிறகு ஓகஸ்ட் 16 இல் வா என்றார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மூன்று பதில். 2024 முழுக்க எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள், இது சீனாவை நேரே சொல்லாமல் சீனாவுக்குச் சொன்னது. அநுர ஜனாதிபதியானதும் 2024 டிசம்பரில் முதலில் டெல்லி, 2025 ஜனவரியில் பீஜிங். போன ஒழுங்கே ஒரு செய்தி.

"அப்போ எழுதிக் குடுக்கலைங்கறீங்க" என்றார் நண்பர்.

"போர்ட் சிட்டியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம்" என்றேன். "மொத்தம் 269 ஹெக்டேயர். கடலை மூடி எடுத்த நிலம். மணலை நீர்கொழும்புப் பக்கம் கடலில் தோண்டி எடுத்தார்கள், அங்கேயுள்ள மீனவர்கள் கத்தினார்கள், ஒருவரும் கேட்கவில்லை."

இப்போது என் மேசைக் கதைக்கு வருகிறேன்.

2021 மே மாதம் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு ஒரு மின்நூலகம் திறந்தார்கள். நினைவுப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம். தமிழ் இல்லை. சட்டத்தைக் காக்கிற திணைக்களத்தில், அரசியலமைப்பில் அரசகரும மொழி என்று எழுதப்பட்ட மொழி இல்லை. படம் பரவியது, பலகையைக் கழற்றினார்கள். அதே காலத்தில் போர்ட் சிட்டிப் பக்கத்துப் பலகை ஒன்றிலும் இதே கதை. தமிழர்கள் எல்லாரும் சீனாக்காரனைத் திட்டினோம். நானும் திட்டினேன். ஆனால் எனக்கு உள்ளே ஒரு உறுத்தல் இருந்தது, ஏனென்றால் பலகை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படித்தான் நடக்கும். ஒரு கட்டிட வேலைத்தளத்துப் பலகை என்று வையுங்கள். கோப்பு மின்னஞ்சலில் வரும். சீனம் அவர்களே போட்டு அனுப்பியிருப்பார்கள், அழகாக, சரியான எழுத்துருவில். ஆங்கிலமும் அவர்களே. சிங்களம் இங்கேயுள்ள அலுவலகத்து ஆள் ஒருவர் எழுதி அனுப்புவார். தமிழுக்கு "பிறகு அனுப்புகிறோம்" என்று இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. நான் போன் எடுத்துக் கேட்பேன். மறுமுனையில் இருப்பவர் சீனர் இல்லை, எங்கள் ஊர்க்காரர், நல்ல மனிதர், என்னோடு சிரித்துக் கதைப்பவர். "தம்பி, தமிழுக்கு இடம் காணாது, இப்ப அவசரம், அடுத்ததில போடுவம்." சில சமயம் தமிழ் வரும், எப்படி வரும் என்றால், யூனிகோட்டில் இருந்ததை எடுத்து, அதோடு ஒத்துவராத பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஒட்டி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கண்ட கண்ட குறிகளோடு. அதை நான் திரும்ப அடித்துக் கொடுப்பேன். கூலி கேட்க மாட்டேன். ஒரு தடவை "அனுமதியின்றி உட்பிரவேசிக்கக் கூடாது" என்பதில் "இன்றி"யும் "கூடாது"வும் விழுந்துபோய், அனுமதியோடு உள்ளே வரலாம் என்கிற மாதிரி ஒன்று வந்தது. திருத்தாமல் விட்டிருக்கலாம் என்று இப்பவும் நினைத்துச் சிரிப்பேன்.

அதாவது, பெரிய நாடு எங்கேயும் வந்து யாரை மதிக்க வேண்டும் என்று தானாகக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டுக்காரரிடம் கேட்கிறது. 1409 இல் இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் தமிழ் வணிகரையும் முஸ்லிம் வணிகரையும் தாண்டிப் போக முடியாது, அது ஷெங் ஹேயின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது, ஆகவே கல்லில் தமிழ் வந்தது. தமிழ் மேல் காதல் ஒன்றும் இல்லை. 2021 இல் கொழும்பில் கேட்டபோது, தமிழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று யாரோ ஒரு உள்ளூர்க்காரர் போனில் சொல்லியிருப்பார். சீனாவின் பலகையில் தெரிந்தது கொழும்பின் முகம்.

அந்த வருடமே இதற்கு மறுபக்கமும் நடந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய - காற்று மின்திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கிக் காசில், ஜனவரியில் சீனக் கம்பனி ஒன்றுக்குப் போனது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. டிசம்பரில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிற்கிறது என்று சொன்னது, கம்பனி மாலைதீவுப் பக்கம் போனது. 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய நன்கொடையாகக் கையெழுத்தானது. தீவுச் சனத்திடம் யாராவது கேட்டார்களா, உங்களுக்கு எந்த நாட்டு மின்சாரம் வேண்டும் என்று? அவர்களுக்கு இரவில் விளக்கு எரிந்தால் போதும். என் பெரியம்மாவின் ஊர் அந்தப் பக்கம். "ஆரெண்டாலும் கரண்டைத் தரச் சொல்லு" என்பதுதான் அவவின் வெளிநாட்டுக் கொள்கை.

அந்த டிசம்பரிலேயே சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல் நல்லூருக்குள் போனார். படம் எல்லாப் பத்திரிகையிலும். சிலர் பூரித்தார்கள், சிலர் பயந்தார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது தெனவரை நாயனார்தான். அறுநூறு வருடம் கழித்துத் திரும்பக் கோவில் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். தமிழுக்கு இடம் காணாது என்று பலகை செய்த அதே வருடத்தில். இரண்டுக்கும் முரண் இல்லை. கொழும்பில் யார் தேவையோ அவர்கள் மொழி கொழும்பில், யாழ்ப்பாணத்தில் யார் தேவையோ அவர்கள் வேட்டி யாழ்ப்பாணத்தில். இதைக் குற்றம் என்றும் சொல்ல வரவில்லை, இராஜதந்திரம் என்றால் இதுதானே. டெல்லியும் இதையேதான் செய்யும், வாஷிங்டனும் செய்யும். நாங்கள்தான் ஒவ்வொரு தடவையும், இந்த முறை வந்தவன் நமக்காகத்தான் வந்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

மாலையில் நண்பரை ஹோட்டலில் விடப் போகும் வழியில் பெய்ரா வாவி ஓரம் தாமரைக் கோபுரம் ஊதா நிறத்தில் எரியத் தொடங்கியிருந்தது. அவர் ஓட்டோவுக்குள்ளிருந்து கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, எதையோ நினைத்தவர் போல, "அந்தக் கல்லுல சொன்ன தங்கம், வெள்ளியெல்லாம் இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

கோவில் 1588 இல் போய்விட்டது என்றேன். போர்த்துக்கேயர் வந்து இடித்தார்கள், இருந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள், கொழுத்தினார்கள்.

"கல்லு மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"அது காலியில் கிடந்தது. 1911 இல் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். அதுவரை ஒரு மதகுக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தார்கள்."

ஓட்டோ அண்ணை கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "நல்ல பலமான கல்லா இருந்திருக்கும்" என்றார்.